மெஷினுக்குள் பூட்டிய ஜாதகம்

காரைக்குடியில் தனக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்கக் கூடாது என்று நினைக்கிறவர் சோமு செட்டியார். மற்றபடி நல்ல மனிதர். கொப்புடையம்மனைக் கும்பிடாமல் காபி குடிக்க மாட்டார். பெரிய வீட்டின் பின்கட்டில் ஏசி போட்டுப் பெரிய கணினிகளை ஓட்டுகிறார். ஒரு கணினிக்குள்ளேயே பலர் தனித்தனிக் கணினி வைத்துக்கொள்ளலாம்; வீடு சோமுவுடையது, அறை குடியிருப்பவருடையது என்கிற மாதிரி.

அதில் ஓர் அறை, வரன் சேர்த்து வைக்கிற அகல்யாவுடையது. உள்ளே ஊர்ப்பட்ட ஜாதகங்கள், எல்லாமே பூட்டிய எழுத்து. வீட்டுக்காரரே எட்டிப் பார்த்தாலும் விளங்காது. ஆனால் யாராவது ஒரு ஜாதகத்தைத் திறந்தால், உள்ளே எந்த மூலை அசைகிறது என்பது மட்டும் அவர் திரையில் தெரியும்.

மகள் விசாலியின் ஜாதகத்தை ஏற்றிய அன்று ஒரு மூலை அசைந்தது. சோமு அதை மனதில் முடிந்துகொண்டார். பூட்டை உடைத்தால்தானே பாவம், பக்கத்தில் நிற்பதில் என்ன என்று அம்மனிடமும் சொல்லிவைத்தார்.

தேவகோட்டைத் தேனம்மை ஆச்சியின் மகனுக்கு விசாலியைக் கொடுக்க அவருக்கு ஆசை. “சாதகத்தைப் பாத்துட்டுச் சொல்றோம்” என்றதோடு ஆச்சி சரி. மூலை அசையவே இல்லை. சோமுவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அது அசைந்தது. அசைந்துகொண்டே இருந்தது.

“விசாலி, அவுக ஒன் சாதகத்தை விடாமப் பாக்குறாக.”

“பரீட்சைக்கா படிக்கிறாக, அப்பச்சி?”

சோமு மணகோலம், சீப்புச் சீடை என்று பலகாரம் கட்டிக்கொண்டு தேவகோட்டைக்கு பஸ் ஏறினார்.

“வாங்க. என்ன திடீர்னு?” என்றாள் தேனம்மை ஆச்சி.

“சாதகத்தை அத்தனை தடவ பாத்தீகளே. அதான் நானே வந்துட்டேன்.”

ஆச்சி வாங்கிய பலகாரத் தூக்கைக் கீழே வைத்தாள். “நாங்க இன்னும் தொறக்கவே இல்லையே. பாத்தோம்னு ஒங்களுக்கு யார் சொன்னா?”

சோமு நெற்றித் திருநீற்றைத் தடவிக்கொண்டார்.

“எங்க பையன் சாதகமும் ஒங்க மெஷின்லதான இருக்கு. அதையும் பாக்குறீகளோ?”

சம்பந்தம் கை நழுவுவது சோமுவுக்குக் கண்முன்னே தெரிந்தது. ஆச்சி அகல்யாவை ஃபோனில் பிடித்தாள்.

“அவுகளால ஒண்ணும் படிக்க முடியாது ஆச்சி,” என்றாள் அகல்யா. “எந்த எடம் அசையுதுன்னு பாத்து ஆளை ஊகிக்க ஒரு வழி இருந்துச்சு. வெள்ளிக்கிழமை அதையும் அடைச்சுட்டேன். இப்ப யார் ஒரு சாதகத்தைத் தொறந்தாலும் எல்லாச் சாதகமும் சேந்து அசையும். செட்டியார் நல்லவுகதான். நல்லவுகளுக்கும் பொண்ணு இருக்குல்ல? மத்த எடத்தையும் பாத்திருந்தா அவுகளுக்கே வெளங்கியிருக்கும்.”

மகளின் மூலையைத் தவிர வேறெதையும் சோமு பார்த்ததில்லை. அது ஒன்றுதான் அன்று அவர் மானத்தைக் காப்பாற்றியது.

“அப்ப ஒண்ணுமே தெரியாமத்தான் இம்புட்டுப் பலகாரத்தோட வந்தீகளா?” ஆச்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “இருங்க, இப்பவே பாத்துருவோம்.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃபோனில் விசாலியின் ஜாதகத்தைத் திறந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த சோமு வைத்த கண் வாங்காமல் அவள் முகத்தையே பார்த்தார். அதிலும் ஒன்றும் தெரியவில்லை.