இரவல் நண்டுகள்

பாரிவாக்கம் ஏரிக்கரையில் வளைக்குள் கையை விட்டதுமே, உள்ளே பதுங்கியிருப்பது நண்டா, தவளையா, தண்ணீர்ப் பாம்பா என்று விரல் நுனியாலேயே சொல்லிவிடக் கூடியவள் வேம்புலியம்மாள் ஒருத்திதான். பாம்பாக இருந்தாலும் பதறமாட்டாள். "நீ இரு ராசா, நான் பக்கத்து ஊட்டுக்கு வந்தேன்" என்று சொல்லிவிட்டு மெல்லக் கையை எடுத்துக்கொள்வாள். வலக்கை நடுவிரலைச் சுற்றி அவளுக்கு ஒரு தழும்பு உண்டு. "கெழட்டு நண்டு எனக்குப் போட்ட மோதிரம். எங்க ஊட்டுக்காரரு போட்டது ஏரியில உழுந்து பூட்ச்சி, இது மட்டும் கையோட கீது" என்று கேட்காதவர்களிடமும் காட்டுவாள்.

விடியற்காலையில் பிடிப்பதை வெயில் ஏறுவதற்குள் பூந்தமல்லிச் சந்தையில் விற்றுவிடுவாள். அங்கேதான் அமீர் அவளைக் கண்டுபிடித்தான். அமீர் பூந்தமல்லிக்காரன். பட்டணத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் கூடத்தில் அட்டெண்டர். தினம் காக்கிச் சட்டையோடு பஸ் ஏறுவான்.

"யக்கா, எங்க காலேஜுல நண்டு கேக்கறாங்க. வாரத்துக்கு ரெண்டு பானை. உசுரோட."

"உசுரோடவா துன்னுவாங்க அமீரு?"

"துன்றதுக்கு இல்லக்கா. ஆராய்ச்சிக்கு."

"நண்டுல ஆராய்றதுக்கு இன்னா கீது? ஓட்டை ஒடச்சா கறி. அவ்ளோதான்."

அப்படிச் சொன்னாலும் ஒப்புக்கொண்டாள்.

ஆராய்ச்சி செய்தவன் மணவாளன். வானகரத்துப் பிள்ளை. அந்த ஊரில் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களே ஒரு கை விரல்களுக்குள் அடங்கிய காலத்தில் எம்.ஏ. முடித்தவன். அவன் தேறின அன்று நாயனம் வைத்து ஊர்வலம் விட்டார்கள். ஊர்வலம் நியாயந்தான், ஒரு வீட்டில் முதல் பட்டம் வருவது கோடை உழவுக்கு மழை விழுவது போல. ஆனால் அத்தனை படித்தபின் பிள்ளை செய்வது நண்டின் முதுகை அளப்பது என்று அவன் வீட்டுக்குத் தெரியாது. அது சைவ வீடு. நண்டு என்ற சொல்லே வாசற்படி தாண்டாது.

மணவாளன் ஏரிக்கு ஒரே ஒரு தடவை வந்தான், ஷூ போட்டுக்கொண்டு. கரையில் கால் வைத்தான்; முழங்கால் வரை போய்விட்டது. நாலு பேர் பிடித்து இழுத்ததில் ஆள் வந்தான், இடது ஷூ வரவில்லை. அந்தக் கோலத்திலேயே நின்று, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அவன் சொன்னது இதுதான்: "கிடைக்கிறதையெல்லாம் அப்படியே பானையில போடும்மா. பெரிசு, சின்னது, நொண்டி, எதையும் ஒதுக்காதே. அதுதான் முக்கியம்."

"ஆவட்டுங்க ஐயா" என்றாள் வேம்புலியம்மாள். அதன்படியே நொண்டியையும் ஒதுக்காமல் பத்து மாதம் பானை அனுப்பினாள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பஸ்ஸை விட்டு இறங்கின அமீர் நேரே சந்தைக்கு ஓடி வந்தான். காய் வாங்க வந்திருந்த வேம்புலியம்மாள் காய்கறிக்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"யக்கா! நம்ம ஏரி பேரு புக்குல வருதுக்கா! ஆராய்ச்சிங்களா போடற புக்கு. கல்கத்தாவுல அச்சடிச்சி, அங்கேருந்து சீமைக்கெல்லாம் போவுது. தப்பு கிப்பு இருந்தா திருத்தி அனுப்பச் சொல்லி அச்சுத்தாளே வந்துட்ச்சி. நாளைக்கு சாயங்காலம் தபால்ல போட்டுட்டா முடிஞ்ச்சி."

"இன்னான்னு போட்டுகீறாங்க?"

"நம்ம ஏரியில பொட்ட நண்டே கெடையாதாம்! நானூத்திப் பன்னண்டு நண்டு பாத்துகீறாரு. பத்தொம்போதுதான் பொட்டையாம். அதுங்களும் குட்டியாவே கீதாம். பெரிசாவறதுக்கு முன்னாடியே செத்துப் பூடுதாம். தண்ணியிலயே ஏதோ கோளாறாம். ஒலகத்துல எங்கியும் இப்பிடிக் கெடையாதாங்கா. ரெண்டு மாசமா ஐயாவுக்குக் காலு தரையில படல."

வேம்புலியம்மாள் சிரிக்க ஆரம்பித்தாள். காய்கறிக்காரி தராசைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் சட்டென்று வாய் மூடிக்கொண்டது.

பொட்டை நண்டு ஏன் இல்லை என்பது அவளுக்கல்லவா தெரியும்.

நண்டைப் பிடித்ததும் அவள் செய்கிற முதல் வேலை, அதைத் திருப்பி வயிற்றைப் பார்ப்பது. வயிற்றில் ஒட்டினாற்போல் ஒரு மடிப்பு இருக்கும். ஆணுக்கு அது குறுகல். பெண்ணுக்கு அகலம், முட்டையையும் குஞ்சையும் பொத்தி வைத்துக்கொள்ளும் மடி அது. மடி அகலமாக இருந்தால் அடுத்த நொடி அந்த நண்டு தண்ணீரில் இருக்கும். குஞ்சு இருக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்ப்பதில்லை. இன்று இல்லாவிட்டால் நாளைக்குச் சுமக்கப் போகிறது. விதை நெல்லைக் குத்தி யாராவது பொங்கித் தின்பார்களா? அந்தக் கரையில் நண்டு பிடிக்கிற அத்தனை பேருக்கும் இதுதான் வழக்கம். யாரும் யாருக்கும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சாப்பிடுமுன் கை கழுவு என்று ஊரைக் கூட்டியா சொல்கிறோம்? "கிடைக்கிறதையெல்லாம்" என்று மணவாளன் சொன்னபோது அவள் மனத்தில் கள்ளம் எதுவும் இல்லை. தண்ணீரில் விட்டது அவளைப் பொறுத்தவரை கிடைத்ததே அல்ல.

அன்று வீட்டில் புருஷன் நாகப்பனிடம் சொன்னாள். அவன் கஞ்சிக் கலயத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"உட்டுத் தள்ளு" என்றான். "கல்கத்தாவுல அச்சடிக்கறது இங்க யாரு படிக்கப் போறான்?"

"நீ படிக்க மாட்டே. நான் படிக்க மாட்டேன். அந்த ஐயா வானகரத்துக்காரரு. அவுங்க ஊர்ல சொல்ல மாட்டாரா? பாரிவாக்கத்துத் தண்ணியில பொம்பள தங்காதுன்னு ஒரு பேச்சு கெளம்பிட்ச்சின்னா, நம்ம புள்ள கங்காதரனுக்கு எவன்யா பொண்ணு குடுப்பான்?"

நாகப்பன் கலயத்தைக் கீழே வைத்தான். வானகரத்தில்தான் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

"நீ இன்னாத்துக்கு எல்லாத்தையும் தண்ணியில உட்டே?"

"நீயா இருந்தா உட மாட்டியா?"

நாகப்பன் கலயத்தை மறுபடி கையில் எடுத்தான். "உட்டிருப்பேன்தான்" என்றான்.

வெறும் வாயால் சொன்னால் எடுபடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எம்.ஏ. படித்தவர் அச்சில் போட்டதை, சந்தையில் நண்டு விற்கிறவள் வந்து இல்லை என்றால் யார் கேட்பார்கள்? கண்ணில் காட்ட வேண்டும். காட்ட வேண்டுமானால் தொடக்கூடாததைத் தொட்டுப் பிடிக்க வேண்டும்.

புதன்கிழமை கிழக்கு வெளுத்ததும் கரையோரத்து வேம்புலி அம்மன் முன்னால் போய் நின்றாள். "தாயே, இது இரவலுதான். எடுத்துகினு போய்க் காட்டிட்டு, பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்து உட்டுர்றேன். ஒண்ணு கொறஞ்சாலும் என்னக் கேளு." ஒரு நாழிகைக்குள் இருபத்திரண்டு பெண் நண்டுகள் பானைக்குள் இருந்தன. நனைந்த வைக்கோலை மேலே போட்டு வாயைத் துணியால் கட்டினாள்.

பூந்தமல்லியில் பஸ் கண்டக்டர் பானையைப் பார்த்துவிட்டான். "உள்ள இன்னா சத்தம்?"

"பொம்பளைங்க. இருபத்திரண்டு பேரு."

"அத்தினி பேருக்கும் டிக்கெட் எடுத்துகீறியா?"

"மடியில கீற கொழந்தைக்கும் சேத்துக் கேப்பியா நீ?" என்றாள். பஸ்ஸே சிரித்தது. அமீர், "காலேஜு சாமான், சர்க்கார் வேலை" என்று காக்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். பானை ஏறிவிட்டது.

கல்லூரிக் கூடத்தில் மருந்து நெடி மூக்கைத் துளைத்தது. சுவரோரம் கண்ணாடி ஜாடிகள், ஒவ்வொன்றிலும் எண் ஒட்டிய நண்டுகள். "அடடே, இந்த நொண்டியனா? ஆடி மாசம் அனுப்பினேனே, வெள்ளைக்காரன் மாதிரி வெளுத்துட்டானே!" என்று வேம்புலியம்மாள் ஒரு ஜாடியை நலம் விசாரித்தாள். மேஜையில் மணவாளன் அச்சுத்தாள்களை விரித்து, மாப்பிள்ளை கல்யாணப் பத்திரிகையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாம்மா! நீயே வந்துட்டியா? சேதி சொன்னானா அமீர்?"

அவள் துணியை அவிழ்த்துப் பானையை மேஜை மேல் கவிழ்த்தாள்.

நண்டுகள் நாலா பக்கமும் ஓடின. மணவாளன் ஒன்றைப் பிடித்துத் திருப்பினான். அகல மடி. இன்னொன்று, அகல மடி. மூன்றாவதன் மடிக்குள் கடுகு போலக் குஞ்சுகள் அப்பிக்கொண்டிருந்தன. எட்டாவது நண்டில் அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"எந்த ஏரியில பிடிச்சே?"

"நம்ம ஏரிதாங்க. இன்னிக்குக் காலையில. ஒரே கரையில."

"பத்து மாசமா இதெல்லாம் எங்கே இருந்துது?"

"தண்ணியில. நாந்தான் உட்டேன். பொட்டைய யாருங்க எடுப்பாங்க?"

"ஏம்மா சொல்லலை?"

"நீங்க கேக்கலியே நைனா."

மணவாளன் சுவரோரத்து ஜாடிகளைத் திரும்பிப் பார்த்தான். "அப்போ அந்தப் பத்தொம்பது?"

"அதுங்க வயசுக்கு வராத குட்டிங்க. மடி இன்னும் விரியல. ஆணுன்னு நெனச்சிப் போட்டிருப்பேன். என் கண்ணு தப்பு, ஏரி தப்பு இல்ல."

அதைக் கேட்டதும் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெண்கள் ஏன் குட்டியாகவே இருந்தன என்பதற்கு அவன் ஆறு பக்கம் எழுதியிருந்தான். அச்சுத்தாள்கள் மொத்தத்தையும் கசக்கி, மேஜைக்குக் கீழே இருந்த குப்பைக் கூடையில் வீசினான். பிறகு, என்ன நினைத்தானோ, தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். அழுகிறானோ என்று அமீர் குனிந்து பார்த்தான், சிரிப்புதான்.

வேம்புலியம்மாள் நண்டுகளைப் பொறுக்கி எண்ணினாள். இருபத்தொன்று. மறுபடியும் எண்ணினாள். இருபத்தொன்றுதான்.

"ஒண்ணு கொறையுது. அது இல்லாம நான் போவ மாட்டேன்."

"ஒண்ணுதானேக்கா" என்றான் அமீர்.

"இரவல் வாங்கினதுடா. அம்மனாண்ட நின்னுகினு இன்னா சொல்லுவேன்? மணி இன்னா இப்போ?"

மூன்று பேரும் தரையில் மண்டியிட்டுத் தேடினார்கள். பீரோவுக்கு அடியில் அமீர், ஜன்னலோரம் வேம்புலியம்மாள், மேஜைக்கு அடியில் எம்.ஏ. அந்தக் கோலத்தில் இருக்கும்போதுதான் பெரிய புரொபசர் உள்ளே வந்தார். மேஜைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்தார்.

"மணவாளன், என்ன செய்கிறீர்?"

"பெண் நண்டைத் தேடுகிறோம் சார்."

"அதுதான் அந்த ஏரியில் இல்லையென்று எழுதிவிட்டீரே?"

மணவாளன் தலையை நிமிர்த்தி மேஜையில் இடித்துக்கொண்டான். அப்படியே முட்டிபோட்டபடி நடந்ததையெல்லாம் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. புரொபசர் முகம் சிவந்தது.

"பத்து மாதத்தில் எத்தனை தடவை ஏரிக்குப் போனீர்?"

"ஒரு தடவை சார். ஷூ மாட்டிக்கொண்டுவிட்டது."

"இனிமேல் ஷூ இல்லாமல் போம். அச்சுத்தாள் எங்கே? கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று இன்றைக்கே தந்தி போக வேண்டும்."

மணவாளன் குப்பைக் கூடைக்குள் கையை விட்டான். விட்ட வேகத்தில் அலறினான். இருபத்திரண்டாவது அங்கேதான் இருந்தது. ஒரு கொடுக்கில் அவன் விரல், மறு கொடுக்கில் கட்டுரையின் முதல் பக்கம்.

"இழுக்காதீங்க நைனா! தண்ணியில வெச்சா தானா உட்ரும்." அவன் கையைப் பிடித்து வாளித் தண்ணீரில் அமிழ்த்தினாள் வேம்புலியம்மாள். நண்டு விரலை விட்டது. காகிதத்தைத்தான் கடைசி வரை விடவில்லை.

"இதற்கு உம்மைவிடக் கட்டுரையின் மேல் அதிகக் கோபம் போலிருக்கிறது" என்றார் புரொபசர். அவருக்கும் சிரிப்பு முட்டியது. பிறகு அவளிடம், "ஒன்றையாவது ஜாடிக்கு விட்டுவிட்டுப் போகக் கூடாதா அம்மா?" என்று கேட்டார்.

"மன்னிச்சுக்குங்க சாமி. வந்தது போவணும்."

அவர் வற்புறுத்தவில்லை. பொழுது சாய ஒரு சாண் இருக்கும்போது இருபத்திரண்டும் பாரிவாக்கம் ஏரியில் இறங்கின.

அடுத்த வாரத்திலிருந்து மணவாளன் வெறுங்காலோடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைக்கு வந்தான். அவள் பிடிப்பதை அங்கேயே அளந்து எழுதிக்கொள்வான். பெண்ணை அங்கேயே விடுவார்கள். அவன் நடுவிரல் தழும்பை அமீர் பார்த்துவிட்டு, "ஐயாவுக்கும் மோதிரம் போட்டாச்சுக்கா" என்றான். எண்ணிக்கை முன்னூறு சேர்ந்ததும் புதிதாக ஒரு கட்டுரை போயிற்று. முன்பு தான் செய்த தப்பையும், ஏரிக்கரை வழக்கத்தையும் மணவாளன் தன் கையாலேயே அதில் எழுதியிருந்தான். புத்தகம் அச்சாகி வந்ததும் ஒன்றை வேம்புலியம்மாளிடம் கொடுத்தான்.

"என் பேரு எங்க கீது?"

பக்கத்தின் அடியில் பொடி எழுத்தைக் காட்டினான்.

"இத்தினூண்டா கீதே! அதுவும் அடியில."

"அடிக்குறிப்பும்மா."

"பரவால்ல. நண்டும் அடியிலதான் கீது" என்று வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

தை மாதம் வானகரத்திலிருந்து பெண்ணின் தகப்பனார் நாலு பேரோடு வீடு பார்க்க வந்தார். வெற்றிலை போட்டுக்கொண்டே, "ஏதோ ஏரித் தண்ணி சரியில்லன்னு பூந்தமல்லிச் சந்தையில ஒரு பேச்சு காதுல உழுந்திச்சி. வாழப் போற பொண்ணு, அதான் கேக்கறேன்" என்று இழுத்தார்.

வேம்புலியம்மாள் எழுந்து உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. புத்தகத்தைக் கொண்டுவந்து, தலைகீழாகத்தான், அவர் மடியில் விரித்து வைத்தாள்.

"பாத்துக்குங்க சம்மந்தி. கல்கத்தாவுல அச்சடிச்சது. முன்னூறுக்கு நூத்தி அறுபத்தொண்ணு பொம்பள. எல்லாம் சொகமா கீது."

சம்பந்தி புத்தகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். அவருக்கும் எழுத்துத் தெரியாது. ஆனால் அச்சு அச்சுதானே. பயபக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டு, நிச்சயம் செய்யத் தாம்பூலத் தட்டை நாகப்பன் பக்கம் நகர்த்தினார்.