லோரிக்காரர் தேடிய தரவரிசை

மலையூரான திரிங்காப்பில் எங்கள் தோட்டத்துக்கு முட்டைக்கோஸ் ஏற்ற வந்த லோரிக்காரர் அவர். நரைத்த மீசை, கழுத்தில் மப்ளர். ஆட்கள் கூடைகளை ஏற்றி முடிக்கும்வரை கைப்பேசியில் ஸ்னூக்கர் முடிவுகளைப் பார்ப்பார். எப்போதும் ஒரே ஆட்டக்காரனின் தரவரிசையைத்தான் தேடுவார்.

"யாருண்ணே அவன்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எம்மவனோட கூட்டாளி. டவுன்ல ரெண்டு பேரும் ஒன்னா ஆடிப் பழகுனாங்க. எம்மவன் மலைப்பாதையில மோட்டார் பைக்ல போறப்ப விழுந்து செத்துட்டான். இவன் தரவரிசையில மேல ஏறுனா, அவனும் இவ்ளோ தூரம் வந்திருப்பான்னு நெனச்சுக்குவேன் லா."

அந்த ஸ்னூக்கர் சீசன் முழுக்க அந்தக் கூட்டாளி தோற்றுக்கொண்டே இருந்தான். தரவரிசையில் சரிந்து, தொழில்முறைப் போட்டிகளில் இடமிழந்து, கடைசியில் ஆட்டத்தையே விட்டுவிட்டான்.

"இனிமே ரெண்டு பேருமே ஆட மாட்டாங்க," என்றார் லோரிக்காரர்.

அன்று கைப்பேசியை எடுக்காமல், கூடைகளை அவரே தூக்கி ஏற்றினார்.