பெயர்கள் ஓடி முடியும்வரை எழுந்திருக்காதவர்

முந்தின நாள் மாலைதான் அந்தப் புதிய படத்தின் ட்ரெய்லர் வந்திருந்தது. பறக்கிற நாயகன், இடிந்து விழுகிற நகரம், எல்லாம் வழக்கம்போல. பார்த்த கையோடு மெஹர் டாக்டருக்கு அனுப்பிவிட்டு, இதையாவது திட்டாமல் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று சீண்டியிருந்தேன். பதில் வரவில்லை. மறுநாள் காலை ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் பால் பாக்கெட்டோடு வந்துகொண்டிருந்தபோது போனில் அவர் பெயர் வந்தது. எடுத்த எடுப்பிலேயே, "என்ன டாக்டர், பார்த்தீங்களா?" என்றேன். பேசியது அவருடைய கணவர் இக்பால் பாய். "சார், மெஹர் மௌத்தாயிட்டா சார். விடியக்காலை சுபுஹு தொழுகைக்கு எழுப்பினேன். எழுந்திரிக்கல" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி ரமா நம்பவே இல்லை. "போன வாரம்தானே எனக்குப் பல்லு கட்டினா? நன்னா சிரிச்சுண்டுதானே இருந்தா?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தாள். நன்றாகத்தான் சிரித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கும் ரமாவை நாற்காலியில் சாய்த்துவிட்டு, "பறக்கிறவனுக்கு எதுக்குங்க மாமி முதுகுல போர்வை? ஃபேன்ல மாட்டிக்காது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ரமா வாயைத் திறந்தபடியே சிரித்ததில் வேலை நின்றுபோனது.

தில்லை நகரில் பல் மருத்துவர் மெஹருன்னிசாவின் நாற்காலியில் ஒருமுறையாவது படுத்தவர்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்லிவிடப் போவதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாலக்கரையில் பிறந்து வளர்ந்தவர். கைராசிக்காரர். சூப்பர் ஹீரோ படம் எது வந்தாலும் முதல் நாளே போய்ப் பார்த்துவிட்டு, மறுநாள் முழுக்கத் தன் தீர்ப்பை வாய் பேச முடியாத நோயாளிகளிடம் வழங்குவார். அதற்கென்று கிளினிக்கில் ஒரு சட்டமே இருந்தது. வலித்தால் இடது கையைத் தூக்க வேண்டும். அவர் கருத்தை மறுப்பதென்றால் வலது கை. இடது கை உயர்ந்தால் கருவி அந்த நொடியே நின்றுவிடும். வலது கை உயர்ந்தால், "மறுப்பு பதிவாயிருச்சு, வாயை நல்லாத் திறங்க" என்பார். கருவியும் நிற்காது, பேச்சும் நிற்காது.

நான் அவரிடம் மாட்டிக்கொண்டதே ஒரு மறுப்பில்தான். எனக்குச் சோறு போட்டது காப்பீட்டு அலுவலகம் என்றாலும் தலைக்கனம் கொடுத்தது, ஒரு சிற்றிதழில் எழுதிய சினிமா விமர்சனம். முகமூடி போட்ட நாயகர்கள் எல்லாம் வளர்ந்தவர்களுக்கான கிலுகிலுப்பை என்று எழுதிய மாதத்தில் எனக்குக் கடைவாய்ப் பல் வலி கண்டது. யாரோ சொல்லி இவரிடம் போனேன். ஊசி போட்டு, கன்னம் மரத்து, வாய்க்குள் பஞ்சைத் திணித்த பிறகுதான் நிதானமாகக் கேட்டார்: "கிலுகிலுப்பைன்னு எழுதினது நீங்கதானே?"

எனக்குக் கதி கலங்கிவிட்டது. "பயப்படாதீங்க விமர்சகரே, பல்லை ஒழுங்காத்தான் பார்ப்பேன். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஒருத்தன் தன்கிட்ட இருக்கிற பலத்தை வச்சுக்கிட்டு என்ன பண்ணணும், யாருக்குப் பண்ணணும்? இது சின்னப் பிள்ளைங்க கேக்குற கேள்வியா? உங்க ஆபீஸ் மேனேஜரைக் கேட்டுப் பாருங்களேன்." நான் வலது கையைத் தூக்கினேன். மறுப்பு பதிவானது. பல் பிழைத்தது, கட்டுரை பிழைக்கவில்லை. அன்று முதல் அவர் என்னை விமர்சகரே என்றுதான் கூப்பிட்டார். முதல் நாள் டிக்கெட்டில் எனக்கும் ஓர் இடம் நிரந்தரமானது.

அதற்காக அவரைக் கண்ணை மூடிக்கொண்டு கைதட்டுகிற ரசிகை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். "பிடிச்சவங்களைத்தாங்க உரிமையாத் திட்ட முடியும்" என்பது அவர் கொள்கை. நாயகன் ஐந்தாறு மாடிக் கட்டடம் தலையில் விழுந்து, தூசு தட்டி எழுந்து சிரிப்பான். தியேட்டரே விசிலில் அதிரும். இவர் மட்டும் என் பக்கம் சாய்ந்து, "ஒரு பல்லுகூட ஆடலை பாருங்க. பறக்கிறதைத் தள்ளுங்க, அந்த ஈறுதான் நிஜமான சக்தி" என்பார். ஊரையே இடித்துப்போட்டுவிட்டு நாயகன் பறந்து போனால், "கூட்டிப் பெருக்குறது யாரு, இவங்க அப்பனா?" என்பார். வில்லன் பக்கம் கொஞ்சமும் நியாயம் இல்லாத படங்களை அவர் இடைவேளைக்கு மேல் மதித்ததில்லை. இதையெல்லாம் நான் என் விமர்சனங்களில் கூசாமல் எடுத்துப் போட்டுக்கொண்டேன். பாராட்டுக் கடிதங்களும் வந்தன. "நம்ம சரக்கு நல்லா ஓடுது போலிருக்கே" என்று சிரிப்பார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு நிஜமாகவே கோபம் வரும். போன பாகத்தில் செத்துப்போனவனை அடுத்த பாகத்தில் உயிரோடு கொண்டுவந்து நிறுத்துவது. "அன்னிக்கு நான் அழுத அழுகையை யாரு திருப்பிக் குடுப்பா? செத்தா செத்ததுதான். அதுக்கு ஒரு மரியாதை வேணாமா? நம்ம டிவி சீரியல்காரங்க எவ்வளவோ தேவலாம். ஆளு மாறினா, இவருக்குப் பதில் இவர்னு நேர்மையா எழுதிப் போட்டுடுறாங்க!" என்று படபடப்பார். கதைதானே டாக்டர் என்று நான் விடாமல் வம்பு செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் இக்பால் பாய்தான் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். டாக்டரின் தம்பி சின்ன வயதில் சவூதிக்கு வேலைக்குப் போனவர். அங்கேயே இறந்து, அங்கேயே அடக்கமானவர். முகத்தைக்கூட இவர்களால் பார்க்க முடியவில்லை. அதன் பிறகு அந்தப் பேச்சு வந்தால் மட்டும் நான் வலது கையைத் தூக்கியதில்லை.

இப்போது சபுரா அம்மா விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

சபுரா அம்மா பாலக்கரையில் கல்யாண ரவிக்கைகள் தைப்பவர். டாக்டரின் பழைய நோயாளி. அவர் மகள் நஸ்ரின் சென்னையில் ஒரு கிராபிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தாள். வெளிநாட்டு சூப்பர் ஹீரோ படம் ஒன்றுக்குப் புகையும் நெருப்பும் சேர்க்கும் வேலையில் ஒரு பங்கு அந்தக் கம்பெனிக்கு வந்திருந்தது. படம் முடிந்ததும் ஓடுகிற பெயர்களில் முதல்முறையாக நஸ்ரின் பெயரும் வரப்போகிறது. தையல் மிஷினை நம்பி மகளைப் படிக்க வைத்தவர், அந்தப் பெயரைத் திரையில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். டாக்டர் எங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு வரிசையையே பதிவு செய்துவிட்டார். சபுரா அம்மா கல்யாணத்துக்குப் போவதுபோல் பட்டு உடுத்திக்கொண்டு வந்திருந்தார். படம் முழுக்க, "இந்தப் புகை நம்ம பிள்ளை போட்டதா டாக்டர்?" என்று கேட்டபடியே இருந்தார். "எல்லாப் புகையும் நம்ம பிள்ளைதான்" என்று டாக்டர் அடித்துவிட்டார்.

படம் முடிந்தது. இயக்குநர் பெயர் வந்தது, நடிகர்கள் பெயர் வந்தது. அவ்வளவுதான், பளிச்சென்று விளக்குகள் எரிந்தன, கதவுகள் திறந்தன, திரை வெள்ளையாகிவிட்டது. நம் ஊர்த் தியேட்டர்களில் இது புதிதில்லை. சபுரா அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. "முடிஞ்சிருச்சா? பிள்ளை பேரு போட்டுட்டாங்களா? நான்தான் கவனிக்கலையா?" என்று எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது. டாக்டர், "இன்னும் வரலைம்மா. வரும். நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டு மேனேஜரைத் தேடிப் போனார். துணைக்கு நானும் இக்பால் பாயும் போனோம்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. அவருக்கு அவர் கஷ்டம். "அடுத்த ஷோவுக்குள்ள கூட்டணும் மேடம். இருக்கிறது ரெண்டே ஆளு. அந்தப் பேரையெல்லாம் யாரு மேடம் உக்காந்து படிக்கிறா?"

"அவங்க படிப்பாங்க" என்று டாக்டர் உள்ளே கையைக் காட்டினார். காலியான அரங்கில் பட்டுப் புடவையோடு சபுரா அம்மா ஒற்றையாக உட்கார்ந்திருந்தார். "கூட்டுறதுதானே பிரச்சினை? பேரு ஓடட்டும். ஓடுற நேரத்துல நாங்க பொறுக்கிடுறோம். சாக்கு எங்கே இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

மேனேஜர் விளையாட்டுப் பேச்சு என்றுதான் நினைத்தார். டாக்டர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து முதல் பாப்கார்ன் டப்பாவை எடுத்ததும் பதறிப்போய், "ஐயோ மேடம், விடுங்க, விடுங்க" என்று ஆபரேட்டருக்குக் குரல் கொடுத்தார். மறுபடி இருட்டானது. திரையில் பெயர்கள் மேலேறத் தொடங்கின. டாக்டர் சொன்ன சொல்லை விடவில்லை. இக்பால் பாய் சாக்கைப் பிடித்துக்கொள்ள, பேரன் பேத்தி எடுக்கிற வயதில் நாங்கள் திரை வெளிச்சத்தில் வரிசை வரிசையாகக் குப்பை பொறுக்கினோம். இப்படி நூறு பெயர், அப்படி நூறு பெயர். எனக்குக் கண் பூத்துவிட்டது. திடீரென்று டாக்டர், "இதோ! இதோ! இடது பக்கம்! நஸ்ரின் பானு!" என்று கையில் இருந்த டப்பாவோடு கத்தினார். நாங்கள் விசிலடித்தோம். ஸ்ரீரங்கத்துக்காரன் நான் பொது இடத்தில் விசிலடித்தது அன்றுதான். சத்தம் கேட்டு மேனேஜரும் கைதட்டினார்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது சபுரா அம்மா மெதுவாகச் சொன்னார்: "எங்கே பார்த்தேன், கண்ணு பூராத் தண்ணி. ஆனா டாக்டரம்மா பார்த்தாங்கள்ல, அது போதும்."

அதிலிருந்து அது எங்கள் வழக்கமாகிவிட்டது. டாக்டர் முன்கூட்டியே மேனேஜருக்குப் போன் செய்வார். பெயர்கள் கடைசிவரை ஓடும். எங்கள் வரிசைக் குப்பையை நாங்களே எடுத்துவிட்டுக் கிளம்புவோம். மற்றவர்கள் உட்கார்வது எல்லாம் முடிந்த பிறகு வரும் அந்தக் குட்டிக் காட்சிக்காக. டாக்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. "அது அடுத்த படத்துக்கு விளம்பரம். இதுதாங்க படம். இத்தனை பேரு சேர்ந்துதான் ஒருத்தனைப் பறக்க விட்டிருக்காங்க" என்பார். சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றி இதைவிட நல்ல வாக்கியத்தை நான் எழுதியதில்லை. எழுதியவர்களையும் படித்ததில்லை. அந்த வாக்கியம் ஒரு பல் மருத்துவரின் வாயிலிருந்து வந்தது என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அவ்வளவு பெருமை.

ஜனாஸா அன்று பாலக்கரையில் அவர் வீட்டுத் தெரு கொள்ளவில்லை. காவிரிக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் அவரிடம் வாயைத் திறந்தவர்கள் எல்லாம் வாயடைத்து நின்றார்கள். அடக்கம் செய்யும்போது நானும் ஒரு பிடி மண் போட்டேன். திரும்பி வரும் வழியில், இவருக்குப் பதில் இவர் என்று யார் பெயரை எழுதுவது என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

சில வாரங்கள் கழித்து, அந்த ட்ரெய்லருக்குரிய படம் வந்தது. போவதா வேண்டாமா என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது இக்பால் பாயே கூப்பிட்டார். "போகலைன்னா அவ என்னைச் சும்மா விடமாட்டா சார்." மேட்னி ஷோவுக்கு நான், இக்பால் பாய், சபுரா அம்மா மூவரும் போனோம். டாக்டருக்கும் சேர்த்தே டிக்கெட் எடுத்திருந்தோம். உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, மேனேஜருக்கு யாருமே போன் செய்யவில்லை. அது எப்போதும் டாக்டரின் வேலை. பெயர்கள் ஓடாமல் இன்று விளக்கைப் போட்டுவிட்டால் டாக்டரையே எழுப்பி வெளியே அனுப்பிவிட்டதுபோல் ஆகிவிடுமே என்று மனசு அடித்துக்கொண்டது. இடைவேளையில் மேனேஜர் எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். "டாக்டர் எங்கே சார்?" இக்பால் பாய் சொன்னார். மேனேஜர் காலி நாற்காலியைப் பார்த்தார். வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

படம் முடிந்தது. இயக்குநர் பெயர், நடிகர்கள் பெயர். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். விளக்கு எரியவில்லை. திரும்பிப் பார்த்தால், மேனேஜர் கதவைச் சாத்திப் பிடித்தபடி நின்று, எழுந்து வந்தவர்களிடம், "இன்னும் முடியலைங்க. பேரு ஓடுது. கொஞ்சம் உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாதிப் பேர் உட்கார்ந்தார்கள். இந்தப் படத்திலும் வேலை பார்த்திருந்த நஸ்ரின் பெயர் இந்த முறை கொஞ்சம் மேலேயே வந்துவிட்டது. "இன்னிக்கு நானே பார்த்துட்டேன் சார்" என்று சபுரா அம்மா என் கையைப் பிடித்தார்.

டாக்டரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது இதுதான். எந்தப் படமானாலும் கடைசிப் பெயர்வரை எழுந்திருப்பதில்லை. என் வரிசைக் குப்பையை நானே எடுக்கிறேன். அவரோடு முடியாத ஒரு சண்டையும் பாக்கி இருக்கிறது. அது அன்றைக்கே வந்தது. பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்த பிறகு அந்தக் குட்டிக் காட்சியில், போன படத்தில் செத்துப்போன இன்னொரு நாயகன் கண்ணைத் திறந்தான். அரங்கம் எழுந்து நின்று விசிலடித்தது. இக்பால் பாய் காலி நாற்காலியைத் தொட்டுக்கொண்டு, "இருந்திருந்தா இப்ப கிழிச்சிருப்பா சார்" என்று சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார்.

செத்தவர்கள் திரும்பி வரக் கூடாது என்பது டாக்டர் கட்சி. தம்பி விஷயம் தெரிந்த பிறகு அந்த ஒன்றை மட்டும் மறுக்காமலே இருந்தவன், அன்றைக்கு இருட்டில் கிளினிக் சட்டப்படி வலது கையைத் தூக்கினேன். கூடவே இடது கையையும் தூக்கினேன்.