ரத்தாகாத உத்தரவு

தண்ணீர் குறைந்துபோன ஒரு கோடையில் நான் நொய்யல் கரைத் தாலுகா ஒன்றில் சப்-மாஜிஸ்திரேட்டாக இருந்தேன். மாஜிஸ்திரேட்டுகளின் வரிசையில் அதுதான் கடைசிப் படி. எனக்கு மேலே சப்-கலெக்டர். அவருக்கும் மேலே, ஜில்லா மாஜிஸ்திரேட்டாகக் கோயமுத்தூரில் கலெக்டர்.

மேலூர்க்காரர்கள் வாய்க்காலின் குறுக்கே மண்ணைக் கொட்டித் தண்ணீரை மறித்துவிட்டார்கள். கீழூரில் கரும்பு காய்ந்தது. இரண்டு ஊராரும் தடியும் கடப்பாரையுமாகக் கரையில் திரண்டபோது நான் போய் விசாரித்து, நூற்று நாற்பத்து நாலாவது பிரிவில் உத்தரவு போட்டேன். யாரும் தண்ணீரை மறிக்கக் கூடாது. ஆயுதத்தோடு கரைக்கு வரவும் கூடாது. போலீஸார் மண்ணை வெட்டி எடுத்தார்கள்.

மறுநாள் காலை, முகாமிலிருந்த வெள்ளைக்காரச் சப்-கலெக்டர் துரை என்னைக் கூப்பிட்டனுப்பினார். பங்களாத் தாழ்வாரத்தில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் மேலூர்ப் பண்ணையக்காரர் உட்கார்ந்திருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"உம்முடைய உத்தரவை இன்றைக்கே ரத்து செய்துவிடும்" என்றார் துரை, ஆங்கிலத்தில்.

அவர் எழுதும் ஒரு வரியில் என் உத்தியோகம் ஆட்டம் காணும். ஆனால் உத்தரவு போனால் பொழுது சாய்வதற்குள் கரையில் ரத்தம் சிந்தும். முந்தின நாள் அந்த முகங்களைப் பார்த்தவன் நான்.

"விசாரித்துப் போட்ட உத்தரவு அது. நீக்குவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. தாங்கள் என் மேலதிகாரி. தவறென்று பட்டால் தாங்களே நீக்கலாம், சட்டம் இடம் கொடுக்கிறது. என் கையால் நான் நீக்க மாட்டேன்" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. ஆங்கிலம் தெரியாத பண்ணையக்காரருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. "எதுக்குங்க எசமான் இத்தன சங்கடம்? ஒரு கையெழுத்துத்தானுங்களே" என்றார் என்னிடம்.

"கலெக்டருக்கு எழுதுவேன்" என்றார் துரை.

"எழுதுங்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை வாய்க்காலைப் பார்த்துவிடுங்கள்."

அவர் சட்டென்று எழுந்து காரைக் கொண்டுவரச் சொன்னார். பண்ணையக்காரரும் கூட வந்தார்.

நாங்கள் போனபோது மேலூர் ஆட்கள் மறுபடியும் மண் கொட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர்க்கரையில் கீழூர்க்காரர்கள் தடியோடு நின்றார்கள். இரண்டே போலீஸ்காரர்கள் நடுவில் திணறினார்கள். வாய்க்காலுக்குள், மண் விழும் இடத்திலேயே, கீழூர்ப் பெண் ஒருத்தி அசையாமல் நின்றாள். முழங்கால்வரை சேறு.

"கொட்டுங்க, என்னையுஞ் சேத்து மூடிப்போடுங்க!" என்று கத்தினாள். அவள் சொன்னதைத் துரைக்கு நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"யார் சொல்லி மண் போடுகிறார்கள்? கேளும்."

கேட்டேன். கூடையைச் சுமந்திருந்த ஆள் சூதில்லாமல் சொன்னான்: "உத்தரவு ரத்தாயிப்போச்சுன்னு எங்க பண்ணையக்காரரு நேத்து பொழுதோடயே சொல்லிப்போட்டாருங்களே!"

நேற்றே! துரை என்னிடம் வாய் திறப்பதற்கு முன்பே. அதையும் நான் மொழிபெயர்த்தேன். துரை மெல்லத் திரும்பிப் பண்ணையக்காரரைப் பார்த்தார். அவர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உத்தரவு அப்படியே இருக்கிறது. மண்ணை எடுக்கச் சொல்லும்" என்றார் துரை.

நான் உரக்கச் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. எதிர்க்கரையில் ஒரு தடி உயர்ந்தது. கடைசியில் பண்ணையக்காரரே, "எடுத்துப்போடுங்கப்பா" என்றார். முதல் மண்வெட்டி விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இரண்டு பெண்கள் இறங்கி, சேற்றிலிருந்தவளைக் கைத்தாங்கலாகக் கரையேற்றினார்கள்.

அன்று மாலை துரை தம் கைப்பட என் உத்தரவைத் திருத்தினார். மழை வரும்வரை ஒருநாள் மேலூருக்கு, ஒருநாள் கீழூருக்கு. எனக்குத் தோன்றாத யோசனை அது, நல்ல யோசனைதான்.

விடைபெறும்போது சொன்னார்: "நீர் செய்தது சரி. ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை."

கோடை முடிந்ததும் எனக்கு வேறு தாலுகாவுக்கு மாற்றல் வந்தது. அவர் எழுதித்தான் வந்ததா என்பது கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.