புயலுக்குப் பிறகு திறக்காத பக்கம்

கடலூரில் வீடு, சிதம்பரத்தில் வேலை. வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்று அஞ்சல்வழி மாணவர்களுக்காகச் சிதம்பரத்தில் ஒரு மையம் நடத்தியது. அதில் நான் வரலாறு சொல்லிக்கொடுத்தேன். சனி, ஞாயிறுகளில் வகுப்பு. மற்ற நாட்களில் பாடங்களை இணையத்தில் ஏற்றுவதும் மாணவர்கள் அனுப்பும் கட்டுரைகளைத் திருத்துவதும் வேலை. இதற்கென்று பல்கலைக்கழகம் வைத்திருந்த இணையதளத்தை எல்லோரும் போர்ட்டல் என்றுதான் சொல்வோம்.

அதைத் தலைமை அலுவலகத்தில் அடிக்கடி புதுப்பிப்பார்கள். அப்டேட் வருகிறது என்று தகவல் வந்தாலே ஏதோ ஒன்று போகப்போகிறது என்று அர்த்தம். ஒருமுறை எழுத்துருவை மாற்றினார்கள். இரண்டு கோடை விடுமுறைகளில் நான் உட்கார்ந்து அடித்த சோழர் வரலாறு முழுவதும் மறுநாள் காலையில் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியுமாகக் குழம்பிக் கிடந்தது. முதலிலிருந்து மறுபடி அடித்தேன். இன்னொரு முறை, மாணவர்கள் கேட்ட கேள்விகளும் நான் எழுதிய பதில்களும் இருந்த பகுதியே காணாமல் போனது. போன் செய்து கேட்டால், "புது வெர்ஷன் ரொம்ப ஃபாஸ்ட் மேடம்" என்றார்கள். உண்மைதான். காலிப் பக்கம் வேகமாகத்தான் வந்தது.

2011 கடைசியில் வந்த அப்டேட்தான் எல்லாவற்றிலும் மோசம். அதுவரை கட்டுரை அனுப்பக் கடைசி நாள் தாண்டிவிட்டாலும், காரணம் நியாயமாக இருந்தால் ஆசிரியரே பக்கத்தைத் திறந்துவிடலாம். பிரசவம், சாவு, நடவு என்று எத்தனையோ பேருக்கு நான் திறந்துவிட்டிருக்கிறேன். புது வெர்ஷனில் அந்தப் பொத்தானை எடுத்துவிட்டார்கள். தேதி முடிந்தால் பக்கம் தானாக மூடிக்கொள்ளும். ஆசிரியர்களின் சுமையைக் குறைக்கவே இந்த ஏற்பாடு என்று சுற்றறிக்கை சொன்னது.

அந்த வருடம் முடியும் தறுவாயில் கடலூரைப் புயல் அடித்தது. எங்கள் தெருவில் நின்றிருந்த மின்கம்பங்கள் எல்லாம் படுத்துவிட்டன. மாடியிலிருந்த தண்ணீர்த் தொட்டி பக்கத்து வீட்டுச் சுவரில் போய் விழுந்தது. கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, செல்போனில் உயிர் இல்லை. கட்டுரைகளுக்கான கடைசி நாள் புயலுக்கு மறுநாள் என்பதே அந்த அமளியில் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பஸ் ஓட ஆரம்பித்ததும் மையத்துக்குப் போனேன். ஆலப்பாக்கம் தாண்டும்வரை சாலையின் இருபுறமும் விழுந்த மரங்களை அறுத்து ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். சிதம்பரத்தில் கரண்ட் வந்திருந்தது. போர்ட்டலைத் திறந்தேன். கடலூர்ப் பக்கத்து மாணவர்கள் அத்தனை பேர் பெயருக்கு எதிரிலும் சிவப்பில் ஒரே வரி: 'சமர்ப்பிக்கவில்லை. தேர்வெழுதத் தகுதியில்லை.'

அதே செய்தியை அவர்களுடைய செல்போன்களுக்கும் போர்ட்டல் அனுப்பியிருந்தது. எங்காவது ஜெனரேட்டர் கண்ட இடத்தில் சார்ஜ் ஏற்றிப் போனைத் திறந்தவர்கள் முதலில் பார்த்தது அதைத்தான்.

மறுநாள் நெல்லிக்குப்பத்துக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மாணவி வந்தார். அங்கன்வாடியில் வேலை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பட்டம் வாங்கினால் மேற்பார்வையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்பதற்காகப் படித்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக் கூரைத் தகடுகள் கரும்புக்கொல்லையில் கிடந்தனவாம். கட்டுரைத் தாள்களைப் பாலிதீன் பையில் சுற்றி அரிசி டிரம்முக்குள் போட்டு வைத்திருந்திருக்கிறார். அப்படியே எடுத்து வந்தார். ஒரு பக்கம்கூட நனையவில்லை.

"புயலுக்கு முந்தின நாளே எழுதி முடிச்சிட்டேன் மேடம். மறுநா ஸ்கேன் பண்ணலாம்னு இருந்தேன். அதுக்குள்ள வூடே போயிடுச்சி. இப்ப தகுதியில்லன்னு மெசேஜ் வந்துருக்கே, நான் என்னா தப்பு பண்ணேன்?"

அவரை எதிரில் உட்காரவைத்துக்கொண்டே தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். போர்ட்டல் பிரிவில் ஒருவர் எடுத்தார்.

"கடலூர்ல புயல் அடிச்சது தெரியுமா சார்?"

"டிவியில பார்த்தோம் மேடம். ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

"அப்ப இவங்களுக்கு மட்டும் பக்கத்தைத் திறந்து விடுங்க."

"சிஸ்டம் எடுத்துக்காது மேடம். ஒரு சென்டருக்கு மட்டும் தேதி மாத்துற ஆப்ஷன் இதுல இல்ல. அடுத்த அப்டேட்ல கேட்டுப் பார்க்கறேன்."

"அது எப்ப வரும்?"

"ஜூன்ல."

தேர்வு பிப்ரவரியில். அதைச் சொன்னேன். போர்ட்டலிலேயே புகார் பதியச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பதிந்தேன். இரண்டு நாளில் 'உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது' என்று பதில் வந்தது. பக்கத்தைத் திறந்து பார்த்தால் அதே சிவப்பு வரி. மறுபடி பதிந்தேன், மறுபடி தீர்க்கப்பட்டது. எனக்கு மேசையைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

கடைசியில் நேரிலேயே போய்விடுவது என்று முடிவு செய்தேன். அங்கன்வாடி அம்மா, "நானும் வரேன் மேடம். என்னைப் பார்த்துட்டு இல்லன்னு சொல்லட்டும்" என்று கூடவே கிளம்பிவிட்டார். தலைமை அலுவலகத்தில் எங்களை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். போர்ட்டல் பிரிவில், இது தேர்வுத்துறை முடிவு என்றார்கள். தேர்வுத்துறையில், போர்ட்டலில் தகுதி என்று காட்டினால் உடனே ஹால் டிக்கெட் தருகிறோம் என்றார்கள். மதியச் சாப்பாட்டு நேரமும் கடந்துவிட்டது.

தேர்வு அதிகாரியின் அறையில்தான் நான் குரலை உயர்த்தினேன். என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. கூட வந்தவர் கத்தவில்லை. கட்டுரைத் தாள்களை அதிகாரியின் மேசைமேல் வைத்தார்.

"சார், இத ஒரு தபா படிச்சுப் பாருங்க. நல்லா இல்லன்னா ஃபெயில் போடுங்க, ஒத்துக்கறேன். எழுதவேயில்லன்னு மட்டும் சொல்லாதீங்க."

அதிகாரி இரண்டு மூன்று பக்கங்களைப் புரட்டினார். பிறகு, புயல் பாதித்த மாணவர்கள் அனைவருக்கும் ஹால் டிக்கெட்டைக் கையால் எழுதிக் கொடுக்கும்படி உத்தரவு போட்டார். கட்டுரைகளை நான் தாளிலேயே திருத்தி அனுப்பலாம், மதிப்பெண்களைப் பிறகு போர்ட்டலில் ஏற்றிக்கொள்வார்கள் என்றும் சொன்னார்.

திருத்தி அனுப்பினேன். எல்லோரும் தேர்வு எழுதினார்கள். ஆனால் மூடிய பக்கத்தில் மதிப்பெண்ணை ஏற்ற யாராலும் முடியவில்லை. முடிவு வந்த அன்று அங்கன்வாடி அம்மா போன் செய்தார்.

"பாஸ் மேடம்! அசைன்மென்ட்ல மட்டும் சைபர்னு போட்ருக்கு. பரவால்ல."

"எப்படிப் பரவால்லங்கறீங்க? நூத்துக்கு எழுபத்தெட்டு போட்டேன் உங்களுக்கு. அது இருந்தா முதல் வகுப்பு."

"பாஸானாப் போதும் மேடம், சூப்பர்வைசர் வேலைக்கு வேற எதுவும் கேக்கல. அதுக்கோசரம் திரும்ப அங்க போயி அலையாதீங்க. கூரை போட ஆள் வந்துருக்காங்க, வெச்சிடறேன்."

அடுத்த வருடம் அவருக்கு அந்தப் பதவி கிடைத்தது. நான் அந்தச் சைபரை மாற்றச் சொல்லி மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதியபோதெல்லாம் பிரச்சினை தீர்க்கப்பட்டது என்றே பதில் வந்தது. அவருடைய மதிப்பெண் பட்டியலில் இன்றைக்கும் சைபர்தான் இருக்கிறது.