டெனிஷ் மேட்டில் பொம்பிளை பார்த்த கதை

எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் பொம்பிளை பார்க்கிற விஷயத்தைக் கோவிலில் வைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு வாசலால் கும்பிட வருவார்கள், பெண் வீட்டார் மற்ற வாசலால் வருவார்கள், வெளிவீதியில் "அட, நீங்களும் வந்தனீங்களோ!" என்று ஆச்சரியப்படுவார்கள். தற்செயல் இல்லையென்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் சரிவராவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை என்று கணக்கு. இந்த நாகரிகம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

என் தோழிக்குத்தான் அது பொருந்தவில்லை. ஜேர்மனியில், டென்மார்க் எல்லையோரம் உள்ள ஃபிளென்ஸ்பேர்க்கில் என் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கிறாள். நாற்பது தாண்டியவள், புருஷனை இழந்து கனகாலம். டென்மார்க்கில் ஒரு பேக்கரியில் வேலை செய்யும் மனிதர் ஒருவர், அவரும் மனைவியை இழந்தவர். என் மச்சாள் மூலம் இவர்களுக்குக் கலியாணக் கதையைத் தொடக்கிவிட்டது நான்தான். குளிர்காலம் முழுக்க இரண்டு பேரும் போனில் பேசினார்கள். நேரில் பார்க்க வேண்டும் என்றபோது சிக்கல் வந்தது. ஹம்பேர்க் கோவிலில் வைத்தால் பூசை முடிவதற்குள் செய்தி கனடா போய்விடும்.

"இந்த வயசிலை இவளுக்கு என்ன கேடு எண்டு கேப்பினம் அக்கா. அதைக் கேட்டுக்கொண்டு நிக்க என்னாலை ஏலாது," என்றாள்.

இடத்தை அவளே கண்டுபிடித்தாள். அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் டெனிஷ் பேசுகிற ஜேர்மன் கிழவிகள் பலர். எங்கள் ஊரே அப்படி, எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் பாதிப் பேருக்கு மனசு அந்தப் பக்கம். எல்லை தாண்டி ஒரு மணித்தியாலம் ஓடினால் கடலைப் பார்த்தபடி ஒரு மேடு இருக்கிறதாம், டெனிஷ் மொழிக்காகப் பாடுபட்டவர்களின் பெயர் வெட்டிய கல்தூண் அதன் உச்சியில் நிற்கிறதாம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள்.

"டெனிஷுக்குக் கட்டின தூணடிக்கு எந்தத் தமிழ்ச்சனம் வரப்போகுது?" என்றாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஒரு சனிக்கிழமை ரோல்ஸ் பொரித்து, பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றி, என் காரில் புறப்பட்டோம். வழி முழுக்க அவள் சேலைத் தலைப்பை மடித்து மடித்து விரித்தாள். தரிப்பிடத்தில் இறங்கினால் ஒரு பெரிய பஸ் நிற்கிறது. மேட்டிலிருந்து ஒரு குரல் காற்றோடு இறங்கி வருகிறது:

"டெனிஷ் கதைக்காதேங்கோ! எத்தினை தரம் சொல்லுறது? தமிழிலை கதையுங்கோ!"

டென்மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்று சுற்றுலா வந்திருந்தது. ஒரு மொழிக்கு எப்படித் தூண் எழுப்பியிருக்கிறார்கள் பாருங்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்ட ரீச்சர் கூட்டி வந்திருக்கிறா. பெற்றோரும் கூடவே, கையில் சாப்பாட்டுப் பெட்டிகளுடன். அந்த ரீச்சருக்கு ஐரோப்பா முழுக்க ஆட்களைத் தெரியும்.

"திரும்பிப் போவமே?" என்றேன் நான்.

அவள் மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்களுக்கு முன்னரே வந்துவிட்ட அந்த மனிதர், போட்டோவில் பார்த்த அதே நீலச் சட்டையோடு, தூணின் பின்பக்கம் ஒதுங்கி நின்றார். பழைய போர் ஒன்றில் வெடி வைத்துத் தகர்த்த தூண் அது. துண்டுகளைத் தேடி எடுத்துத் திரும்ப அடுக்கியிருக்கிறார்கள், விளிம்பெல்லாம் காயம். நல்ல அகலம், ஒரு ஆள் தாராளமாக மறையலாம். ஆனால் சின்னப் பிள்ளைகளிடம் மறைய முடியுமா?

"ரீச்சர், இஞ்சை ஒரு மாமா ஒளிச்சு நிக்கிறார்!"

அவ்வளவு சனமும் திரும்பியது. மனிதர் முகம் பேக்கரி அடுப்பு மாதிரிச் சிவந்துவிட்டது. இனி எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். அப்போதுதான் என் தோழி நடக்கத் தொடங்கினாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, புல்லில் நேராக மேலே. நான் ரோல்ஸ் பெட்டியோடு பின்னால் ஓடினேன்.

ரீச்சர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தா. "எட, ஃபிளென்ஸ்பேர்க் பிள்ளை! என்ன இந்தப் பக்கம்? சும்மா காத்து வாங்கவோ?"

நழுவ வழி இருந்தது. "ஓம் ரீச்சர், சும்மாதான்" என்றால் போதும். எங்கள் வழக்கமே அதற்குத்தான்.

"இல்லை ரீச்சர்," என்றாள். "இவரைப் பாக்க வந்தனான்."

சொல்லிவிட்டுத் தூணின் பக்கம் திரும்பி, "வெளியாலை வாங்கோ. எவ்வளவு நேரம் கல்லோடை நிப்பியள்?" என்றாள். போனில் பேசிப் பழகிய குரல் அது, கோபமும் இல்லை, கூச்சமும் இல்லை. மனிதர் வந்தார். எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் கும்பிட்டார்.

பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் இன்னொருவரின் காதுக்குள் ஏதோ சொன்னார். ரீச்சர் அவர்களையும் பிள்ளைகளையும் சேர்த்து ஒரு அதட்டு அதட்டினா:

"என்ன பாக்கிறியள்? அவை கதைக்கட்டும்! எல்லாரும் தூணைப் பாருங்கோ!"

எல்லாரும் தூணைப் பார்த்தார்கள். அந்த மேட்டில் டெனிஷ் மொழிக்கு இவ்வளவு மரியாதை எந்தச் சனமும் கொடுத்திருக்காது.

அவர்கள் இரண்டு பேரும் கடலைப் பார்த்துப் புல்லில் இருந்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் எழுதமாட்டேன். ஒருதரம் அவள் சிரித்த சத்தம் மட்டும் வந்தது. மேல்மாடியில் இருந்து இத்தனை வருஷத்தில் அப்படியொரு சத்தம் எனக்குக் கேட்டதில்லை.

பின்னேரம் பஸ் முன்னால் சனம் கூடி நிற்க, நான் கார்க் கதவைத் திறந்து அவளைக் கூப்பிட்டேன்.

"நீங்கள் போங்கோ அக்கா," என்றாள், எல்லாருக்கும் கேட்க. "இவர் கொண்டுவந்து விடுவார்."