பட்டைக் களத்தில் விழுந்த கல்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் பட்டை இடிப்பது பெண்கள் வேலை. ஆவாரம்பட்டை வண்டியில் வரும். காயவைத்து, உலக்கையால் இடித்து, தோல் ஊறும் தொட்டிக்குச் சுமந்து போய்க் கொட்டுவோம். எட்டுப் பேர். நான் பதினோரு வருஷம் இடித்தேன்.

அங்கே ஆண்களுக்கு ஒதுங்க ஒரு சுவர் இருந்தது. போவார்கள், வருவார்கள். முதலாளிக்குப் பூட்டுப் போட்ட கக்கூஸ். பெண்களுக்கு ஒன்றுமில்லை. அதனால் காலையிலிருந்து நாங்கள் தண்ணீர் குடிக்க மாட்டோம். குடித்தால் போகவேண்டும். "நம்ம பொம்பளைங்க எழுந்திருக்கவே மாட்டாங்க, அவ்ளோ ஒழுக்கம்" என்று மேஸ்திரி முதலாளியிடம் பெருமையாகச் சொல்வார்.

அந்த ஒழுக்கம் எனக்குக் கல்லாக விளைந்தது.

ஒரு சித்திரையில் விலாவிலிருந்து தொடைவரைக்கும் வலி இறங்கியது. நான்கு பிள்ளை பெற்றவள் நான். அதற்கெல்லாம் கத்தவில்லை. இதற்குப் புடவைத் தலைப்பைக் கடித்துக் கிழித்தேன். வெற்றிலைச் சுண்ணாம்புதான் காரணம் என்றாள் மாமியார். நான் பேசுகிற வாய்தான் காரணம் என்றார் வீட்டுக்காரர்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா மட்டும் கல்லடைப்பு என்றார்.

"தெனம் ஒரு கொடம் தண்ணி குடிக்கணும். வந்தா அடக்கக் கூடாது. பத்து நாள்ல விழலேன்னா அறுத்துத்தான் எடுக்கணும்."

"எங்க போறதும்மா?"

டாக்டரம்மா மருந்துச் சீட்டைப் பார்த்தார். அதில் அது எழுதியிருக்கவில்லை. ஒரு மெல்லிய துணியைக் கொடுத்து, மூத்திரத்தை அதில் வடியவிட்டு, கல் விழுந்தால் எடுத்துவரச் சொன்னார்.

விடிந்ததும் நெருஞ்சிமுள் கஷாயம். பிறகு வாழைத்தண்டுச் சாறு. அதற்குமேல் தண்ணீர். குடத்தோடே களத்துக்குப் போனேன். முதல் நாளே பத்துத் தடவை எழுந்தேன். பட்டைக் குவியலுக்குப் பின்னால் நான் உட்கார, இரண்டு பேர் புடவையை விரித்து மறைத்து நிற்பார்கள்.

மேஸ்திரி வந்துவிட்டார்.

"இன்னாம்மே இது, ஷாப்பா, கொளத்தங்கரையா? ஒருத்தி எழுந்தா மூணு ஒலக்க நிக்குது."

"கல்லு, மேஸ்திரி."

"வேலைக்கு டிமிக்கி குடுக்கிறவங்க எல்லாரும் சொல்றதுதான். எங்க, அந்தக் கல்லக் காட்டு. வெள்ளிக்கெழமக்குள்ள காட்டலேன்னா வேற ஆளு வரும்."

கல் விழத்தான் நான் எழுந்து போனேன். எழாமலே அதைக் காட்டச் சொன்னார் அவர். அன்றிலிருந்து களத்தோரம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எண்ணினார். நான் எழும்போதெல்லாம் தொண்டையைக் கனைத்தார்.

இரண்டாம் நாள் நான் குடத்தைத் தொடவில்லை. எங்களில் மூத்தவள் பார்த்துவிட்டாள்.

"குடிடி. இந்த வேல போனா வேற ஷாப்பு இருக்குது. வயித்த அறுத்தா ஒனக்கு வேற வயிறு இருக்குதா?"

குடித்தேன்.

வியாழக்கிழமை உச்சி வெயிலில் விழுந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிறகு வலி நின்றது. துணியில் கேழ்வரகு அளவுக்கு ஒன்று கிடந்தது.

மறைத்து நின்றவள் திரும்பாமலே கேட்டாள்: "ஆணா, பொண்ணாக்கா?"

"பாக்கல."

"பேரு வைக்க வேணாமா?"

"மேஸ்திரி வைப்பாரு."

நேரே போய் அவர் உள்ளங்கையில் வைத்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தார். விரலால் உருட்டினார்.

"இத்துனூண்டுக்கா இவ்ளோ பேஜாரு?" என்றார். பிறகுதான் அவருக்கு யோசனை வந்தது. "எங்கேர்ந்து எடுத்தே இத?"

"நீங்க எண்ணிக்கினு இருந்தீங்களே, அங்கேர்ந்துதான்."

கையை உதறிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினார். நாள் முழுக்க அழுகல் தோலைப் புரட்டிவிட்டு, கழுவாமலே பீடி பிடிக்கும் கை அது. மூன்று தடவை கழுவினார். உதறியதில் கல் எங்கேயோ போய்விட்டது. டாக்டரம்மாவிடம் வெறும் துணியைத்தான் காட்டினேன்.

வெள்ளிக்கிழமை கழிந்தும் வேறு ஆள் யாரும் வரவில்லை. அடுத்த வாரம் இன்னொருத்தி விலா வலிக்கிறது என்று எழுந்தாள். பிறகு இன்னொருத்தி. மாதக் கடைசியில் எட்டுப் பேருக்கும் விலா வலி. மேஸ்திரி யாரையும் கல்லைக் காட்டு என்று கேட்கவில்லை. பட்டைத் தூசியால் வரும் தொத்து வியாதி என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். கணக்கெழுதும் குமாஸ்தாவுக்கும் வந்துவிடப் போகிறதே என்று முதலாளி பயந்து, களத்துக்குப் பின்னால் நாங்கள் ஒதுங்க நாலு பக்கமும் தென்னங்கீற்றுத் தட்டி கட்டிவிடச் சொன்னார்.

தட்டி ஒரு மழைக்குத்தான் தாங்கியது. விழுந்த அன்றைக்கே எட்டுப் பேரும் உலக்கையைக் கீழே வைத்தோம். சாயங்காலத்துக்குள் புதுத் தட்டி வந்தது.